சூளையை விட்டு வார்டுக்குப் போன என் தம்பி

இந்த நினைவு மலரின் அட்டையில் தம்பியின் பிறந்த தேதி என்று ஒன்று போட்டிருக்கிறது. அது பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட தேதி. உண்மையில் அவன் பிறந்தது எங்கள் ஊரில் நடவு நடந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில். காலையில் அம்மா வயலில் இருந்தாள். பொழுது சாய்வதற்குள் வீட்டில் பிள்ளை அழுதது. அம்மா பாதியில் விட்டுவந்த நடவு வரிசையை யார் நட்டு முடித்தார்கள் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. தேதிதான் தெரியாது.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்லத் தம்பி மகள் எழுதுகிறாள். என் பேச்சை நல்ல தமிழாக்கிக்கொள், மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே வை என்று சொல்லியிருக்கிறேன். நடுநடுவே, "பெரியப்பா, விஷயத்துக்கு வாங்க" என்கிறாள். வருவேன். மெதுவாகத்தான் வருவேன். மலரில் எல்லோரையும் 'அவர்' என்று போடுவதுதான் முறையாம். தூக்கி வளர்த்த தம்பியை அவர் என்று சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகிற சாலையில் இருக்கிறது. பஸ்ஸில் ஒருவன் கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் ஊர் தாண்டிவிடும். தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அப்பா காலமாகிவிட்டார். அதற்கு முன்பே நான் டவுனுக்கு வந்து, பீங்கான் கம்பெனிகளுக்கு லாரியில் வரும் களிமண்ணை இறக்குகிற வேலையில் சேர்ந்திருந்தேன். நெய்வேலிப் பக்கத்திலிருந்து வரும் மண். இறக்கி முடித்தால் முழங்கால்வரை வெள்ளையாக இருக்கும். அந்தக் காலோடு டீக்கடைக்குப் போனால், "வாங்க துரை" என்பார் கடைக்காரர். அவரும் இப்போது இல்லை.

தம்பி படித்தான். பள்ளிப் படிப்பை முடித்து, பீங்கான் தொழிலிலேயே டிப்ளமா வாங்கினான். எங்கள் பங்காளிகளில் டிப்ளமா வாங்கிய முதல் ஆள் அவன்தான். நான் மண் இறக்கிய கம்பெனி ஒன்றிலேயே சூப்பர்வைசராகச் சேர்ந்தான். டீ கப்பு, ஃபியூஸ் கட்டை, மின்கம்பத்தில் வைக்கும் பீங்கான் என்று பலதும் செய்கிற இடம். சூளை ஆறிப் பிரிக்கும் நாளில் தம்பி மேசை போட்டு உட்காருவான். ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பான். சுற்றிப் பார்ப்பான். விரலால் சுண்டிக் கேட்பான். நல்லது ஒரு பக்கம் போகும். கோணலானது, கீறல் விட்டது எல்லாம் பின்னால் இருக்கிற குழியில் விழும். கோணலானது வெளியே போனால் கம்பெனி பெயர் கெட்டுவிடும் என்பதால் உடைத்துத்தான் போட வேண்டும். நான் லாரியில் நின்றுகொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த வேலையில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பேண்ட் சட்டை, மேசை, நாற்காலி, முதலாளியே "வாப்பா" என்று கூப்பிடுகிற மரியாதை. அதைப் பார்த்துத்தான் பெண்ணாடத்தில் பெண் கொடுத்தார்கள். பெண் வீட்டார் கரும்பு விவசாயம். தம்பியின் மாமனார் நல்ல மனிதர். நிறையப் பேசுவார், ஆனால் மானம் ரோஷம் பார்க்கிறவர். மருமகன் சூப்பர்வைசர் என்று சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டி வரிசையில் நிற்கும்போதுகூட முன்னால் நிற்பவரிடமும் பின்னால் நிற்பவரிடமும் சொல்வாராம். பெண் குழந்தை பிறந்தது. இதை எழுதிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான்.

அப்போதுதான் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தாள். பகலில் நான், சாயங்காலம் கம்பெனி விட்டதும் தம்பி, மற்ற நேரத்துக்குத் தம்பி மனைவி என்று முறை வைத்துக்கொண்டோம். அங்கே இருந்த சிஸ்டர் ஒருத்தர், முதுகில் புண் வராமல் அம்மாவை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று எங்களுக்குக் காட்டினார். நான் பிடித்தால் அம்மா கத்துவாள். மண் மூட்டை தூக்கிய கை. தம்பி பிடித்தால் ஒன்றும் சொல்லமாட்டாள். "ஒங்க கைக்கு வலிக்காமப் புடிக்கத் தெரியுது சார்" என்று சிஸ்டர் சொன்னார்.

எதிர்ப்பக்கம் ஆண்கள் வார்டில் யாருமில்லாத பெரியவர் ஒருவர் கிடந்தார். எந்த ஊர், என்ன சாதி என்று ஒன்றும் தெரியாது. பேச்சும் சரியாக வராது. தம்பி ஒருநாள் கடையில் பிளேடு வாங்கிப்போய், சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, அவருக்கு முகம் வழித்துவிட்டான். வழித்து முடித்ததும் அந்தப் பெரியவர் கையைக் கையை ஆட்டினாராம். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறான். தள்ளிவிட்டார். பிறகுதான் புரிந்தது, அவர் முகம் பார்க்கக் கண்ணாடி கேட்கிறார்.

இதை அவன் டீக்கடையில் வைத்து என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, "அண்ணே, கம்பெனியில கோணலா வந்தத ஒடைக்கறதுதான் என் வேல. அங்க கோணலாக் கெடக்கறவங்கள நிமித்தி ஒக்கார வெக்கிறாங்க. எனக்கு அந்த வேல வேணும்" என்றான்.

"வூட்ல சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"ஒங்ககிட்டதான் மொதல்ல."

அந்தச் சிஸ்டரிடம் எல்லாம் விசாரித்து வைத்திருந்தான். கடலூர்ப் பக்கத்தில் ஒரு தனியார் நர்சிங் பள்ளியில் ஆண்களுக்கும் சில இடங்கள் உண்டு, வயது இன்னும் தாண்டவில்லை. வாத்தியார் போட்ட தேதி அங்கே உதவியது என்று நினைக்கிறேன். உண்மைத் தேதி எதுவென்று கடவுளுக்குத்தான் தெரியும். முதலாளி நம்பவில்லை. மேசையை விட்டு எழுந்துபோய்ப் பெட்பேன் தூக்கப் போகிறாயா என்று சிரித்தாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். நாற்காலி ஒரு மாதம் காலியாகவே இருந்தது.

விஷயம் பெண்ணாடத்துக்குப் போனது. மாமனார் மறுநாளே முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தம்பி மனைவி கொண்டுவந்து வைத்த தண்ணீரைத் தொடவில்லை. சம்பந்தி வீட்டில் தண்ணீரைத் தொடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"நான் சூப்பர்வைசருக்குத்தான் பொண்ணு குடுத்தேன். ஆயா வேலைக்குப் போறவருக்குக் குடுக்கல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மருமகனிடம் நேராகக் கோபமாகப் பேசுகிற வழக்கம் இல்லை. அதனால் எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார். தம்பியும் அவருக்குச் சொல்லவேண்டிய பதிலை என்னிடமே சொன்னான். நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"படிச்சிட்டு வரேன்னு சொல்லுங்க அண்ணே. அதுவரைக்கும் அவளும் புள்ளையும் பெண்ணாடத்துல இருக்கட்டும்."

"படிச்சிட்டு வந்தா மட்டும் என்னா வேல அது? நாலு பேரு கேட்டா நான் என்னான்னு சொல்றது?"

தம்பி மனைவி பையில் துணி எடுத்து வைத்தாள். அவள் சண்டை போடுகிற பெண் அல்ல. கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்னாள். "மாமா, அவரு படிக்கட்டும். நான் வேணாம்னு சொல்லல. ஆனா எங்க ஊர்ல போயி, எம் புருஷன் நர்ஸுக்குப் படிக்கிறாருன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. வாய் வர்ற அன்னிக்கு நானே வரேன்."

தம்பி படிப்பு முடிந்து வந்தான். இந்த டவுனிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் வேலை கிடைத்தது. ஆனால் தம்பி மனைவி வரவில்லை. பெண்ணாடத்தில் அவன் பீங்கானில் ஏதோ மேல்படிப்பு படித்ததாகவும், பெரிய கம்பெனியில் இருப்பதாகவும் சொல்லி வைத்திருந்தார்கள். விடுமுறை கிடைக்கும்போது தம்பி பிள்ளையைப் பார்க்கப் போவான். நானும் சில தடவை கூடப் போனேன். மாப்பிள்ளை மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. தலைவாழை இலை, கோழிக் குழம்பு, கை கழுவச் செம்பில் தண்ணீர், துடைக்கத் துண்டு. மழை பற்றிக் கேட்பார்கள், கரும்பு வெட்டு பற்றிப் பேசுவார்கள், என் முழங்கால் வலியைக்கூட விசாரிப்பார்கள். அவன் வேலையைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். அவனும் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் வந்துவிடுவான்.  ஆலை ஓடுகிற காலத்தில் அந்தச் சாலை முழுக்கக் கரும்பு டிராக்டர்கள் நிற்கும், பஸ் ஊர்ந்துதான் வரும். அவன் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது மாமனாருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. வயதான ஆண்களுக்கு வருகிற தொந்தரவுதான். வெளியே சொல்ல வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் வயிறு வீங்கி, காரில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதற்கான ஆபரேஷன் செய்கிற டாக்டர் தம்பி வேலை செய்த ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார். வேறு இடம் பார்க்க நேரம் இல்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. சங்கடம் அதற்குப் பிறகுதான். குழாய் போட்டிருந்தார்கள். அதைப் பார்க்க வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும், துணி மாற்ற வேண்டும். நம் வழக்கத்தில் மருமகன் காலை மாமனார் கழுவலாம், கல்யாணத்தில் கழுவித்தான் கொடுக்கிறோம். மாமனாருக்கு மருமகன் இந்த மாதிரி வேலை செய்வது என்பது நினைத்துப் பார்க்கவே கூடாத காரியம். மாமனார் என்னைக் கூப்பிட்டு, வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். வேறு இருந்தவர்கள் எல்லாம் சின்ன வயதுப் பெண்கள். அதைச் சொன்னதும் அவர் முகம் இன்னும் வெளிறிவிட்டது.

கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தம்பி பஞ்சும் துணியும் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். மாமனார் அவனைப் பார்த்து, முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

தம்பி தட்டை ஸ்டூலில் வைத்தான். பிறகு, "இந்தப் பக்கந்தான் ஐயா. சேத்தியாத்தோப்பு ரோட்ல" என்றான்.

"அப்பிடியா. நல்லது. பாத்து மெதுவாப் பண்ணுப்பா."

அதோடு முடிந்தது. அன்றிலிருந்து அந்த வார்டுக்குள் அவர்கள் மாமனாரும் மருமகனும் இல்லை. ஒருவர் பெரியவர், ஒருவர் நர்ஸ் தம்பி. மாப்பிள்ளையை நீ என்று சொல்வது மரியாதைக் குறைவு. நர்ஸ் தம்பியைச் சொல்லலாம். அவர் சொன்னார். தம்பியும் மற்ற நோயாளிகளிடம் பேசுவதுபோலவே அவரிடம் பேசினான். அவன் பெட்பேன் வைக்கிற விதத்தை அப்போதுதான் பார்த்தேன். எவர்சில்வர் சில்லென்று உடம்பில் படக்கூடாது என்று முதலில் வெந்நீர் ஊற்றி அலம்பித் துடைத்து, தன் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்பான். நான் பார்த்துக்கொண்டிருந்தால் வெளியே போகச் சொல்வான்.

பக்கத்துக் கட்டிலில் வேப்பூர்க்காரர் ஒருவர் இருந்தார். நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். குடலிறக்க ஆபரேஷன். வாயை மூடாத மனிதர், சிரித்தால் தையல் வலிக்கிறது என்று தானே திட்டிக்கொண்டு மறுபடியும் சிரிப்பார். இந்த நாடகம் எதுவும் அவருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் மத்தியானம், தம்பி மருந்து கொடுத்துவிட்டுப் போன பிறகு, அவர் மாமனார் பக்கம் திரும்பினார். சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்த தம்பி மனைவியும் நானும் அங்கேதான் நின்றிருந்தோம்.

"பெரியவரே, இந்த நர்ஸுத் தம்பிய கவனிச்சீங்களா? பெத்த புள்ள பாக்காதுய்யா இந்த மாதிரி. எந்தங்கச்சி பொண்ணு ஒண்ணு இருக்குது, டீச்சருக்குப் படிச்சிருக்குது. தம்பிக்குக் கல்யாணம் ஆவலன்னா பேசி முடிச்சிடலாம்னு பாக்கறேன். தெனம் வந்துட்டுப் போற வூட்டுக்காரங்க யாரையும் காணோம், கையில மோதிரமும் காணோம். நீங்கதான் அவருகிட்ட சகஜமாப் பேசறீங்க. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

மாமனார் மேலே ஃபேனைப் பார்த்தார். பிறகு கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார். நான் பிடித்துக்கொண்டேன்.

"ஆயிடுச்சிய்யா அவருக்குக் கல்யாணம்."

"அட. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எம் மாப்ளய்யா அவரு. எம் பொண்ணத்தான் குடுத்திருக்கேன். தோ நிக்கிதே, இதுதான்."

வேப்பூர்க்காரர் மாமனாரைப் பார்த்தார். தம்பி மனைவியைப் பார்த்தார். குழாயையும் பார்த்தார். "மாப்ளயா?" என்றார். சிரிக்கக் கூடாது என்று வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டார். முடியவில்லை.

தம்பி மனைவி சாப்பாட்டுத் தூக்கை ஸ்டூலின் மேல் வைத்தாள். அப்பாவைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள். "வேப்பூராருகிட்ட சொல்லிட்டீங்க. நம்ம ஊர்ல சொல்லலாமாப்பா?"

அவர் சோற்றைப் பிசைந்து கொடு என்றார்.

டிஸ்சார்ஜ் அன்று ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. வாசல் கேட்டைத் தாண்டியதும் மாமனார் நின்று, திரும்பி, இரண்டு கையையும் கூப்பினார். "மாப்ள, நீங்க ஊருக்கு வரணும்" என்றார். மறுபடியும் நீங்க வந்துவிட்டது. அடுத்த வாரம் அவரே பெண்ணையும் பேத்தியையும் கொண்டுவந்து விட்டார். வைத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். தம்பி மனைவி என்னிடம், "பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல டிசி வாங்கிட்டேன் மாமா" என்றாள். டிசி எதற்கு என்று வாத்தியார் கேட்டிருப்பாரே, என்ன சொன்னாய் என்று நான் கேட்டேன். "எங்க வூட்டுக்காரரு விருத்தாசலத்துல நர்ஸா இருக்காருன்னு சொன்னேன்" என்றாள். அவள் சொல்லும்போது தம்பி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். செருப்பு காலில்தான் இருந்தது.

அதன்பிறகு தம்பி வாழ்ந்த வாழ்க்கையை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதே வார்டில் தலை நரைத்தான். மயக்கத்தில் கிடப்பவர்களிடமும், இப்போது கையைத் தூக்கப் போகிறேன், இப்போது திருப்பப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் செய்வான். கொரோனா சமயத்தில் வாரக்கணக்கில் வீட்டுக்கு வரவில்லை. சொந்தக்காரர்கள் கிட்டே வர முடியாத உடம்புகளை அவனும் இன்னும் சிலரும்தான் துடைத்து, சுற்றி அனுப்பினார்கள். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்களும் கேட்கவில்லை. அம்மா, மாமனார் இருவரும் அவன் கையில் தண்ணீர் வாங்கிக் குடித்துத்தான் போனார்கள்.

நல்ல நர்ஸ் நல்ல நோயாளியாக இருப்பான் என்று நினைக்கக்கூடாது. சிறுநீரகம் கெட்டுப்போய் அவனே கட்டிலில் படுத்தபோது எல்லோரையும் படுத்திவிட்டான். ஊசி போட வரும் பெண்களிடம் நரம்பு அங்கே இல்லை இங்கே என்பான். உப்பில்லாத கஞ்சியை வேண்டாம் என்பான். "அடுத்தவங்களுக்கு மட்டும் சொல்லத் தெரியுதில்ல" என்று தம்பி மனைவி ஸ்பூனோடு நிற்பாள். பிறகு குடிப்பான். கடைசி நாட்களில் பேச்சு குறைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டே கிடப்பான். அவன் கையைத் தூக்குவதற்கு முன்னால் தம்பி மனைவி, இப்போது கையைத் தூக்கப் போகிறேன் என்று சொல்வாள். ஒரு விடியற்காலையில் அமைதியாகப் போய்விட்டான்.

தம்பியின் சிகிச்சையில் உதவிய டாக்டர்கள், அவனிடம் வேலை பழகி அவனையே கடைசிவரை பார்த்துக்கொண்ட நர்ஸுகள், ரத்தம் கொடுத்த பக்கத்துத் தெருப் பிள்ளைகள், விஷயம் கேட்டதும் வேலையை விட்டு வந்த பங்காளிகள், பெண்ணாடத்துச் சம்பந்தி வீட்டார், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வேப்பூர்க்காரரின் மகன் வந்திருந்தார். அவருக்கும் நன்றி.

இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. அன்று தம்பியை எடுப்பதற்குத் தாமதம் ஆனதேன் என்று பலருக்குத் தெரியாது. காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

தெருமுனையில் கட்டியிருந்த அஞ்சலி ஃபிளெக்ஸைத் தம்பியின் மச்சான்தான் அவசர அவசரமாக அடித்துக்கொண்டு வந்தார். நல்ல எண்ணம்தான். பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று தெரியாமல், கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்து அதில் இருந்ததையே போட்டுவிட்டார். செராமிக் சூப்பர்வைசர் என்று பெரிய எழுத்தில் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது, படத்தை மட்டும் பார்த்தேன். யாரோ வாசித்தது உள்ளே தம்பி மனைவியின் காதில் விழுந்தது. அழுதுகொண்டிருந்தவள் எழுந்து வெளியே வந்தாள்.

"கழட்டு அத" என்றாள்.

"யக்கா, எடுக்கற நேரம். பாடை கட்டியாச்சி."

"கட்டி இருக்கட்டும். அந்த வேலய அவரு வேணாம்னு வுட்டுட்டு வந்தாரு. வேற அடிச்சிக் கொண்டா."

"என்னான்னு போடட்டும்?"

"நர்ஸுன்னு போடு."

"ஆண் செவிலியர்னு போடட்டுமா?"

"செவிலியர். அது போதும். பெருசாப் போடச் சொல்லு, பெண்ணாடத்துல இருந்து வந்திருக்கறவங்க எல்லாம் படிக்கணும்."

சொல்லிவிட்டுத் தம்பியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். புது ஃபிளெக்ஸ் வந்து கட்டும்வரை தம்பியை எடுக்க விடவில்லை. மேளக்காரர்கள் மேளத்தை இறக்கி வைத்தார்கள். வார்டிலிருந்து டியூட்டி உடையிலேயே வந்திருந்த பெண்கள் சுவர் ஓரமாக நின்றார்கள். பெரியவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். நேரம் ஆகிறது என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வெயிலில் நின்ற உங்கள் எல்லோருக்கும், தம்பி சார்பாகவும் அவன் மனைவி சார்பாகவும் அண்ணனாகிய நான் கை கூப்புகிறேன்.